எல்லாம் கார்ப்பரேட்டர் செயல்

தாத்தாவின் எஸ்டேட் ஷெட்டிலிருந்தோ, காயலான் கடையில் எடை போட்டுப் பேசியோ, ஒரு பழைய பவர் சா உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கயிற்றை இழுக்கிறீர்கள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. மிஷின் ஒரு 'புர்' கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்பவர் யாரும் கேட்காமலே சொல்கிறார்: "கார்ப்பரேட்டராத்தான் இருக்கும்."

அவர் யாராக இருந்தாலும் சரி, இந்த வழிகாட்டி அவர் கட்சி. இதில் சொன்னபடி நடந்தால், ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலையை அடுத்த மழைக்காலம் வரை இழுக்கலாம். வீட்டில் யார் எந்த வேலை சொன்னாலும் "மிஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம். மரம் மட்டும் அறுபடாது. அது பெரிய நஷ்டமில்லை.

உங்கள் கையில் இருப்பது என்ன?

கியர் இல்லாமல், ஒற்றை ஆள் தூக்கி அறுக்கும் 'கான்ட்ரா' என்ற பெட்ரோல் வாளை ஸ்டில் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்தது. அந்தக் குடும்பத்தின் வாரிசுதான் 070 என்ற மாடல். உங்கள் கையில் இருப்பது அதுதான் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 106 சி.சி. எஞ்சின், அதாவது ஊருக்குள் ஓடும் பல பைக்குகளைவிடப் பெரியது. பைக்கில் நீங்கள் எஞ்சின்மேல் உட்காருவீர்கள். இங்கே எஞ்சின் உங்கள் கையில் உட்காரும்.

அதன் கார்ப்பரேட்டர் பைக் கார்ப்பரேட்டர் அல்ல. பைக்கில் பெட்ரோல் ஒரு கிண்ணத்தில் (மெக்கானிக் பாஷையில் 'சேம்பர்') தேங்கும், மிதவை அளவு பார்க்கும். மரம் அறுப்பவன் வாளைப் படுக்கவைத்தும் பிடிப்பான், தலைகீழாகவும் பிடிப்பான். மிதவைக்கு அங்கே வேலையில்லை. ஆகவே கிண்ணத்துக்குப் பதில் டயாப்ரம். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறைக்குள் எழும் அழுத்தமும் உறிஞ்சலும் ஒரு சின்னத் துளை வழியாக வந்து முதல் டயாப்ரத்தை அடித்து ஆட்டும். அதுதான் பெட்ரோல் பம்ப். இரண்டாவது டயாப்ரத்தின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் பெட்ரோல். எஞ்சின் உறிஞ்சும்போது அது உள்ளே வளைந்து ஒரு குட்டி லீவரை அமுக்கும்; லீவர் நீடிலைத் தூக்கும்; தேவையான அளவு பெட்ரோல் உள்ளே வரும்.

இவ்வளவையும் படித்துவிட்டீர்கள் என்பதை மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். அவர் மூடியைத் திறந்து, "சேம்பர் எங்கண்ணே?" என்று கேட்டால், அவர் பைக் மெக்கானிக். தாராளமாக அவரிடமே விட்டுவிடுங்கள். நமது நோக்கத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

முதல் படி: தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு

மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லையா? உடனே கார்ப்பரேட்டரைக் கழற்றுங்கள். பிளக்கைப் பார்க்காதீர்கள்.

சில விவரமறியாதவர்கள் பிளக்கைத்தான் முதலில் கழற்றுவார்கள். பலமுறை இழுத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது கரண்ட் இல்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். பிறகு பிளக் முனையின் இடைவெளி அரை மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, சிந்திய பெட்ரோல் எல்லாம் காய்ந்த பின், ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துப் பொறி வருகிறதா என்று சோதிப்பார்கள். பழைய மிஷின்களில் பல பாயிண்ட், கண்டன்சர் காலத்தவை. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் பாயிண்டின் முகத்தில் கறை ஏறி, கரண்ட் செத்துப்போகும். மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, வேலை முடிந்தது.

இன்னும் மோசமானவர்கள் கம்ப்ரஷனையும் பார்த்துவிடுவார்கள். அதற்கு மீட்டர்கூட வேண்டாம். சுவிட்சை அணைத்து, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தரையிலிருந்து மெல்லத் தூக்குவார்கள். நல்ல எஞ்சின் என்றால் கயிறு விட்டு விட்டு, கட்டை கட்டையாக இறங்கும். தேய்ந்த எஞ்சின் என்றால் கயிறு தடையே இல்லாமல் சரசரவென்று உருவிக்கொண்டு வந்து மிஷின் தரையைத் தொடும். அப்படியானால் கோளாறு பிஸ்டன் ரிங்கில். கார்ப்பரேட்டரைத் தங்கத்தில் செய்து மாட்டினாலும் பயனில்லை.

இப்படிப்பட்டவர்கள் பத்து நிமிஷத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு மரம் வெட்டப் போய்விடுகிறார்கள். பொழுதை எப்படிக் கழிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் படி: பெட்ரோலைப் பாரம்பரியமாகப் பாதுகாத்தல்

டெல்டாவிலும் கடலோரத்திலும் பவர் சா என்பது புயலுக்கு வரும் விருந்தாளி. 2016 டிசம்பரில் வர்தாவுக்கு எடுத்தால், 2018 நவம்பரில் கஜாவுக்குத்தான் மறுபடி நினைவு வரும். நடுவில் டேங்கில் இருக்கும் பெட்ரோலைக் கீழே கொட்டுவது ஊதாரித்தனம். வர்தாவுக்கு ஊற்றியதில் மிச்சம் இருப்பதைக் கஜாவுக்குப் பயன்படுத்துங்கள்.

அந்த இடைவெளியில் பெட்ரோலின் லேசான பாகம் ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாகி, நூல் நுழையாத பாதைகளில் பழுப்பாகப் படியும். டயாப்ரம் விறைத்து அட்டையாகிவிடும். விரலால் தொட்டால் துணி போலத் துவளவேண்டியது, நகத்தால் தட்டினால் 'டொக்' என்று சத்தம் போடும். அதைத்தான் பிறகு "கார்ப்பரேட்டர் கோளாறு" என்று அறிவிப்போம். கோளாறு செய்தவர் யார் என்பது நமக்கும் டேங்குக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களோடும் டயாப்ரத்தோடும் அதற்கு ஒத்துப்போகாது. அதற்குள்ளேயே ஆக்ஸிஜனும் இருப்பதால், சுத்தப் பெட்ரோலுக்கு வைத்த செட்டிங்கில் கலவை கொஞ்சம் வறண்டு ஓடும். புதுப் பெட்ரோலை வேண்டிய அளவு மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அடுத்த புயலில் ஒரு சுவாரஸ்யமும் இருக்காது.

ஆயில் விஷயத்தில் கண்ணளவே சிறந்த அளவு. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எது உங்கள் மிஷினுக்கு என்பது அதன் கையேட்டில் இருக்கும், நீங்கள் எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. ஒரு காலத்தில் பங்க்கிலேயே டூ-டி ஆயிலுக்குத் தனி பம்ப் நின்றது. பையன் அளந்து ஊற்றினான். இப்போது அந்தப் பொறுப்பு உங்கள் கையிலும் ஒரு பழைய குவார்ட்டர் பாட்டில் மூடியிலும் வந்து நிற்கிறது. கம்மியாகப் போனால் பிஸ்டன் பிடிக்கும்; அதிகமானால் புகை, பிளக்கில் கரி, சைலன்சர் வாயில் அடைப்பு. புகை போக வழியில்லாத எஞ்சினுக்குள் புதுக்காற்று எப்படி வரும்? வராது. அதற்கும் பழி கார்ப்பரேட்டர் மேலேயே.

மூன்றாம் படி: திருகாணிகளைத் திருகுதல்

இந்தக் கலையின் உயிர்நாடி இதுதான். மிஷினின் பக்கவாட்டில் திருப்புளிக்கென்றே மூன்று திருகாணிகள் காத்திருக்கும். 'எல்' என்பது ஸ்லோவுக்கு, 'எச்' என்பது முழு வேகத்துக்கு, மூன்றாவது ஐடில். பிளக்குக்குத் திருகாணி இல்லை. ஆயில் சீலுக்கு இல்லை. கண்டன்சருக்கும் திருப்புளி வைத்துக் கூட்டிக் குறைக்க ஏதும் இல்லை. மனிதன் தன்னால் எதைத் திருக முடியுமோ அதில்தான் குற்றம் இருக்கிறது என்று நம்புவான். கார்ப்பரேட்டர் செய்த ஒரே பாவம், எட்டுகிற இடத்தில் திருகாணியோடு பிறந்தது.

ஆகவே திருகுங்கள். எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டாம். கடைசிவரை போய் முட்டியபிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று அழுத்துங்கள். திருகாணியின் ஊசி முனையில் ஒரு வளையம் விழும், அது உட்காரும் இடமும் விரியும். அதற்குப் பிறகு எந்தச் செட்டிங்கும் நிற்காது. அதாவது, உங்கள் கோளாறு நிரந்தரமாகிவிடும்.

விவரமறியாதவன் செய்வது இப்படி: இரண்டையும் மெதுவாக, தொட்டும் தொடாமல் மூடுவான். பெரும்பாலான மாடல்களுக்கு அங்கிருந்து ஒரு சுற்றுத் திறந்து ஆரம்பிப்பான். எஞ்சினைச் சூடேற்றி, முதலில் எல். ஆக்சிலேட்டரைத் தட்டினால் முக்காமல் ஏற வேண்டும். பிறகு ஐடில். கடைசியில் எச். சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது எஞ்சின் கொஞ்சம் கரகரத்து, திக்கித் திக்கி ஒலிக்க வேண்டும்; மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். அதுதான் சரியான செட்டிங்.

கேட்பவருக்கு அந்தக் கரகரப்பு கோளாறு போலத் தோன்றும். அதனால் "நல்லா சுத்தமா கத்தணும்" என்று எச்-ஐ மூடுவோம். மிஷின் கீச்சென்று, கேட்கவே ஆசையாகக் கத்தும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே வருகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலையும் குறைத்தீர்கள். அந்த இனிய குரல் பிஸ்டன் பிடிக்கிறவரை கேட்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய மிஷினை, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஏற்றுங்கள். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காற்று குறைந்தால் அதே பெட்ரோல் அதிகமாகிவிடும். மிஷின் புகைந்து முக்கும். எச்-ஐ மூடிச் சரிசெய்துவிட்டு, சில்வர் ஓக் கிளைகளை எல்லாம் அறுத்து முடித்து, மறுபடி கீழே இறக்கி, செட்டிங்கை மாற்றாமல் தென்னந்தோப்பில் முழு வேகத்தில் ஓட்டுங்கள். பெட்ரோல் இப்போது காற்றுக்குப் போதாது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர் கியர் மாற்றுவார். நாம் எதையும் மாற்றக் கூடாது. பிஸ்டன் புதிது வாங்க ஓர் அருமையான காரணம் கிடைக்கும்.

இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டு இல்லை: ஐடிலில் செயின் சுற்றக் கூடாது. சுற்றினால் மிஷினைக் கீழே வைத்து நிறுத்துங்கள். பழைய வாள்களில் பலவற்றுக்குச் செயின் பிரேக் கிடையாது. தொடை வைத்திருப்பவர் எவரும் இதை விவாதிக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: பிரித்தல்

கார்ப்பரேட்டரைப் பிரிக்க ஏற்ற இடம் புல்தரை. அடுத்தபடி சரளைக்கல். லீவருக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். ஓர் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. லீவரைப் பிடிக்கும் திருகாணியைக் கழற்றியதும் அது கண்ணில் படாமல் பறக்கும். வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் பிரிப்பவர்களும், கையோடு ஒரு காந்தத்தை வைத்திருப்பவர்களும் இந்த அனுபவத்தை இழக்கிறார்கள். ஸ்பிரிங் கிடைக்காவிட்டால் பேனாவில் இருந்து ஒன்றை வெட்டிப் போடுங்கள். அது வலுவாக இருந்தால் நீடில் திறக்காது, பெட்ரோல் வராது. தளர்வாக இருந்தால் நீடில் மூடாது, பெட்ரோல் வழியும். இரண்டில் எது நடந்தாலும் நமக்கு லாபம்.

லீவரின் உயரத்தைப் பார்க்காதீர்கள். பல டில்லட்சன் கார்ப்பரேட்டர் மாடல்களில் அது, தான் இருக்கும் அறையின் தரைமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பார்கள். நேரான ஸ்கேல் ஒன்றை வைத்தாலே தெரிந்துவிடும். உயர்ந்தால் பெட்ரோல் பொங்கும், தாழ்ந்தால் பட்டினி. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

அடைத்த துளையைக் குத்த வீட்டில் ஊக்கு இருக்கிறது. இல்லையென்றால் சைக்கிள் பிரேக் கேபிளின் ஓர் இழை. துளை பெரிதானால் பெட்ரோல் தாராளமாக வரும், என்ன கெட்டுப்போச்சு? கிளீனர் அடித்து ஊறவைத்து, டயாப்ரத்தை எடுத்துவிட்டபின் காற்று ஊதுகிறவர்களின் பொறுமை நமக்கு ஏன்? டயாப்ரம் உள்ளே இருக்கும்போதே கம்ப்ரசர் முனையை வைத்து ஓர் அடி அடியுங்கள். கிழிந்தால் தெரியும்.

திரும்பப் பூட்டும்போது கேஸ்கெட் முதலா, டயாப்ரம் முதலா? பல மாடல்களில் லீவரை அமுக்கும் டயாப்ரத்தின் பக்கம் ஒரு வரிசை, பம்ப் பக்கம் நேர் எதிர் வரிசை. பிரிக்கும்போது போனில் ஒரு படம் எடுத்திருந்தால் தெரியும். எடுக்காதவர்கள் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பூட்டவும்.

ஐந்தாம் படி: அறிகுறிகளும் அருள்வாக்கும்

*ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது.* சொல்ல வேண்டியது: "கார்ப்பரேட்டர்." விவரமறியாதவன் டேங்குக்குள் கொக்கி விட்டு ஃபில்டரை இழுத்துப் பார்ப்பான், விரிந்துபோன பெட்ரோல் குழாயையும் விரலால் மடக்கிப் பார்ப்பான்.

*கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு தாகமெடுத்து நிற்கிறது. டேங்க் மூடியைத் தளர்த்தினால் மறுபடி ஓடுகிறது.* சொல்ல வேண்டியது: "கார்ப்பரேட்டர்." டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது என்பது ஒரு சாதாரணமான விளக்கம்; அதில் மரியாதை இல்லை.

*சூடானதும் செத்துப்போகிறது, ஆறியதும் உயிர் வருகிறது.* சொல்ல வேண்டியது: "சூட்டுல கார்ப்பரேட்டர் விரியுது." கண்டன்சரும் காயிலும் அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும், அவற்றைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

*ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்க மறுக்கிறது. மிஷினைச் சாய்த்தால் சத்தம் மாறுகிறது. எந்தத் திருகாணிக்கும் கட்டுப்படவில்லை.* சொல்ல வேண்டியது: "கார்ப்பரேட்டர் மாத்தணும்." எங்கோ காற்று இழுக்கிறது: கிராங்க் ஆயில் சீல், அல்லது கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வெடித்த பேக்கிங். இதை எச் திருகாணியால் மறைக்கலாம், தீர்க்க முடியாது. மறைத்து ஓட்டினால் கடைசியில் பில் பிஸ்டன் பேரில் வரும்.

ஆறாம் படி: மெக்கானிக்கிடம் பேசுதல்

"என்ன சார் பிரச்சினை?" என்று கேட்டால், மிஷின் என்ன செய்கிறது என்று சொல்லாதீர்கள். எப்போது நிற்கிறது, சூட்டிலா குளிரிலா, பெட்ரோல் எப்போது ஊற்றியது என்பதெல்லாம் தொழில் ரகசியம். "கார்ப்பரேட்டர் சர்வீஸ் பண்ணணும்ணே" என்று நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அவர் பண்ணுவார். பணம் வாங்குவார். மிஷின் அப்படியே இருக்கும். கேட்டதைத்தானே செய்தார்?

நல்ல மெக்கானிக் ஒருவர் தப்பித்தவறி அகப்பட்டால் எச்சரிக்கையாக இருங்கள். அவர் திருப்புளியைத் தொடுவதற்குமுன் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். "இது எப்போ போட்ட பெட்ரோல் சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வேலியோரம் போய்க் கொட்டுவார். புதிதாகக் கலந்து ஊற்றி, ஃபில்டர் மாற்றி, பிளக்கைத் துடைத்து, கயிற்றை இழுப்பார். மிஷின் ஓடும். இவ்வளவு எளிதாக முடிந்ததற்கு நீங்கள் முகம் சுளிக்க நியாயம் உண்டு. வீட்டில் என்ன சொல்வது?

ஏழாம் படி: விற்றல்

எல்லாப் படிகளையும் ஒழுங்காக ஏறி வந்தவரிடம் இப்போது முனை தேய்ந்த திருகாணிகளும், பேனா ஸ்பிரிங்கும், தலைகீழ் டயாப்ரமும் உள்ள ஒரு வாள் இருக்கும். அதை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம். நன்றாகத் துடைத்து, செயினில் ஆயில் தடவி, வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். வருகிறவரைக் கயிற்றை ஒரு தடவை இழுக்கவிடுங்கள். பிறகு நம்பிக்கையோடு சொல்லுங்கள்:

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு சார். கார்ப்பரேட்டர்ல மட்டும் சின்ன வேலை. ஒரு கிட் போட்டா போதும்."

அவ்வளவு சின்ன வேலையை நீங்களே முடித்துவிட்டுக் கூடுதல் விலைக்கு விற்றிருக்கலாமே என்று அவர் கேட்க மாட்டார். அவர் வீட்டிலும் ஒரு திருப்புளி இருக்கிறது.